வெறுங்கை சாம்பியன்

பஸ் ஓட்டுநருக்கு அந்தப் பந்தயக் குழுவில் 'டிப்போ' என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஒரே பணிமனையிலிருந்து பஸ்ஸை எடுத்து, அதே பணிமனையில் கொண்டுவந்து விடுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு எட்டுப் பேர் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இணையத்தில் ஒரே பாதையில் கார் ஓட்டிப் போட்டி போடுவார்கள். பணிமனைக்கு எதிரே இருக்கும் கடை வரிசையில் பேச்சுவாக்கில் தொடங்கிய பழக்கம் அது. ரொட்டிக்கடைக்காரருக்கு 'அடுப்பு' என்று பெயர். பல் டாக்டர் 'கொறடு'. குழுவின் செயலாளரும் அவர்தான். தையல்கடை வைத்திருந்த பெண் 'ஊசி'. மற்ற நான்கு பேருக்கும் இப்படியே அவரவர் பிழைப்பையொட்டி ஒரு பெயர் விழுந்திருந்தது.

மூன்று வருடமாக சாம்பியன் டிப்போதான். மூன்று வருடமாக இரண்டாம் இடம் அடுப்புதான். ஒவ்வொரு வருடமும் இறுதிப் பந்தயத்தில் வாங்கிய கோப்பைகள் மூன்றும் ஓட்டுநர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் நின்றன.

ஓட்டுநர் நல்ல மனிதர். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால், அது நிறுத்தமாக இல்லாவிட்டாலும் வேகத்தைக் குறைப்பார். காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும், "ஆண்டவனே, இன்னிக்கு ஏறுறவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும்" என்று கண்ணை மூடிச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். இவ்வளவு நல்லவருக்குள் ஒரு சின்னப் பெருமை குடியிருந்தது. அது அவருடைய கையைப் பற்றியது.

அந்த விளையாட்டில் ஓட்டக் கஷ்டப்படுகிறவர்களுக்கென்று சில உதவிகள் வைத்திருக்கிறார்கள். எங்கே வேகம் எடுக்கலாம், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சாலையிலேயே பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்டுக் காட்டும். பிரேக்கை முரட்டுத்தனமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். வளைவில் காரின் பின்பக்கம் சறுக்கினால் தானே இழுத்துப் பிடிக்கும். வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். தையல்காரப் பெண் கோட்டை வைத்துக்கொண்டாள். அதை ஒளிக்கவும் இல்லை.

"என்னம்மா, இன்னிக்கும் கோடு போட்ட நோட்டுலதான் எழுதப் போறியா?" என்று ஓட்டுநர் ஹெட்போனில் கேட்பார்.

"நான் துணி வெட்டுறதே கோடு போட்டுத்தாண்ணா. கோடு போடாம வெட்டியிருந்தா உங்க யூனிஃபார்ம்ல ஒரு கை முழங்கையோட நின்னிருக்கும்."

"சட்டை வேற, சாலை வேற. என் மாதிரி வெறுங்கையால ஓட்டிப் பாரு. அப்பத் தெரியும்."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தையல்காரப் பெண் கடைசி இடத்திலேயே இருந்தவரைக்கும். போன மாதம் அடுத்தடுத்து இரண்டு பந்தயத்தில் அவள் ஓட்டுநரை முந்திக்கொண்டு முதலில் வந்தாள். அதன் பிறகு அவருக்குக் கோடு உறுத்தத் தொடங்கியது.

'உதவி வைத்து ஓட்டுவது நியாயமா' என்று குழுவில் கேள்வியைக் கிளப்பினார். அடுத்த சனிக்கிழமை ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று முடிவானது. விதிகளை ஓட்டுநர் வாயால் சொல்ல, டாக்டர் தட்டச்சு செய்தார். இனிமேல் எந்த உதவியும் கூடாது. அதற்கு முன்னோட்டமாக, எல்லாரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கள் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு எழுதிக்குங்க டாக்டர். யாராவது சொல்லாம கொள்ளாம உதவி வச்சு இதுவரைக்கும் ஓட்டியிருந்தா, அவங்க வாங்கின கோப்பை எல்லாம் ரெண்டாவதா வந்தவருக்குப் போயிடணும்."

"கோப்பை வாங்கினது நீங்க ஒருத்தர்தானே?" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும். விதின்னா முழுசா இருக்கணும்."

அடுப்பு குறுக்கே புகுந்தார். "எழுதுங்க டாக்டர். மடியில கனம் இல்லாத மனுஷன் பேசுறார்."

தையல்காரப் பெண் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கோடு கூடாதுன்னா நான் வரலைண்ணா. வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் நான் ஊசியைக் கீழ வைக்கிறது. அதையும் சுவத்துல முட்டியே செலவழிக்க முடியாது."

ஓட்டுநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, படம் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். அமைப்புப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. மூன்று வருடத்தில் அவர் ஒருநாள்கூட அதைத் திறந்ததில்லை. இதைக் கேட்டால் மற்றவர்கள் நம்பமாட்டார்கள். அவருடைய பணிமனையில் வேலை செய்கிறவர்கள் உடனே நம்புவார்கள். அங்கே ஓட்டுநர் தொடலாம் என்று அனுமதி இருப்பது இரண்டே இரண்டு: இருக்கையும் பக்கக் கண்ணாடியும். வேறு எதுவானாலும் சீட்டு எழுதி ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடம் அப்படியே பழகிவிட்டவர், வீட்டிலும் இருக்கையைச் சரி செய்வார், திரையில் கண்ணாடியைச் சரி செய்வார், ஓட்டுவார். வண்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையாகவே அவருக்குத் தோன்றியதில்லை.

பக்கம் திறந்தது. வழிகாட்டும் கோடு: இல்லை. தானியங்கி கியர்: இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கீழே வந்தார். பிரேக் உதவி: உண்டு. சறுக்கல் தடுப்பு: உண்டு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை.

இரண்டையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். முதல் வளைவில் கார் பம்பரமாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி பம்பரம். ஆறாவது தடவை சுற்றும்போது, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறவள். திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே போட்டேன்."

ஓட்டுநர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"வாங்கின அன்னிக்கே இதே மாதிரி சுத்திச் சுத்தி நின்னீங்க. பதினோரு தடவை. பஸ் ஓட்டுறவனுக்கு கார் ஓட்ட வரலைன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் படுக்கப் போயிட்டீங்க. பார்க்கச் சகிக்கலை. மறுநாள் நீங்க வேலைக்குப் போனதும் திறந்து பார்த்து, ரெண்டைப் போட்டுவிட்டேன். சாயந்தரம் வந்து ஒரு சுத்து ஒழுங்கா ஓட்டிட்டு, 'கை வந்துடுச்சு'ன்னீங்க. அந்த முகத்தைப் பார்த்து எப்படிங்க சொல்றது?"

"மூணு வருஷம் இருந்துச்சே சொல்றதுக்கு."

"முதல் கோப்பை வர்றதுக்குள்ள சொல்லிடணும்னு நினைச்சேன். வந்துடுச்சு. கடையில பவர் ஏறிப்போச்சுன்னு பட்டுன்னு சொன்னாலே முகம் சுண்டிப்போயிடுது. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிப் பழகிட்டேன். இது கொஞ்சமாச் சொல்ற விஷயமாவும் இல்லை." அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். "தப்புத்தான். ஆனா கெட்ட எண்ணத்துல செய்யலை."

அதை அவர் அறிவார். அந்த வீட்டில் அவள் கெட்ட எண்ணத்தில் ஒரு விளக்கைக்கூட அணைத்ததில்லை. கோபம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வரவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இப்ப ரெண்டுமே இல்லைன்னுதானே பக்கத்துல இருக்கு. இதைப் படம் எடுத்து அனுப்பினா அது பொய்யா?"

மனைவி துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் படம் எடுத்தார். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்திருந்தார். நாளை மாலை வரைக்கும் நேரம் இருக்கிறதே என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடியவருக்கு, வழக்கமான வார்த்தைகள் வரவில்லை. "ஆண்டவனே, நீயே பார்த்துக்கோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடவுளிடம் அவசரமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் அப்படிப் பேசுகிறார்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் தையல்காரப் பெண் ஏறினாள். கையில் இரண்டு பெரிய பொட்டலங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து, பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னலில் பஸ் நின்றதும் முன்னால் குனிந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளும்மா."

"கோட்டை எடுத்துட்டு ஓட்டிப் பழகுறேன். மூணு நாளா கடையைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். நாற்பது தடவையாவது சுவத்துல முட்டியிருப்பேன். வராம இருக்கலாம்னுதான் நினைச்சேன். மனசு கேட்கலை. உங்க எல்லார் சத்தமும் இல்லாம சனிக்கிழமை என்ன சனிக்கிழமை."

ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடி "ம்" என்றார்.

"அந்த மூணாவது வளைவுல மட்டும் எல்லாருக்கும் வண்டி பின்னால ஆடுது. அடுப்பு அண்ணாவுக்குக்கூட ஆடுது. உங்களுக்கு மட்டும் ஆடவே ஆடாது. பழைய பந்தயமெல்லாம் போட்டுப் பார்த்தேன். மூணு வருஷத்துல ஒரு தடவைகூட ஆடலை. கையை என்ன பண்றீங்கண்ணா அங்க?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். பத்தொன்பது வருடத்தில் டிப்போவுக்குப் பின்னால் அப்படி யாரும் ஹாரன் அடித்ததில்லை. அவர் பஸ்ஸை நகர்த்தினார்.

"மெதுவா..." என்றார். "மெதுவா, பதறாம திருப்பணும். அவ்வளவுதான்."

"மெதுவா, பதறாம" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பையிலிருந்து துணிக்குக் குறி போடும் சாக்பீஸை எடுத்து, பொட்டலத்தின் பழுப்புக் காகிதத்திலேயே அதை எழுதிக்கொண்டாள். "நாளைக்குக் காலையில பண்ணிப் பார்க்கிறேன். ரொம்ப தேங்க்ஸ்ணா."

அவள் இறங்கிப் போகும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பொட்டலத்தின் மேல் வெள்ளை எழுத்தில் அந்த இரண்டு வார்த்தைகள் பளிச்சென்று தெரிந்தன. அவள் நாளைக்குக் காலையில் இன்னொரு நாற்பது தடவை சுவரில் முட்டப்போகிறாள், மெதுவாக, பதறாமல்.

அன்று மாலை குழுவில் ஏழு படங்கள் வந்திருந்தன. எட்டாவது படம் அவர் போனுக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு டாக்டர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் வந்தாச்சா? டிப்போ, உங்க படம் மட்டும்தான் பாக்கி."

"சாம்பியனுக்குப் படம் எதுக்கு டாக்டர்," என்றார் அடுப்பு. "ஆளே படம் மாதிரிதானே இருக்கார்."

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் ஓட்டுநர். பின்னால் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமலேதான் வந்து உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். பூசி மெழுகவில்லை. மனைவிதான் போட்டாள் என்று தொடங்கியவர், அந்த இடத்தில் நிறுத்தி, "அவ போட்டது என் முகத்தைப் பார்த்து. நான் பார்க்காம விட்டது என் திமிர். வியாழக்கிழமையே தெரிஞ்சும் நேத்து ஒருத்தர்கிட்ட பொய் சொன்னேன், அது அதைவிட மோசம்" என்றார்.

முதலில் பேசியது தையல்காரப் பெண். "மெதுவா, பதறாம."

"அதேதாம்மா."

"காலையில இருபத்திரெண்டு தடவை முட்டினேன். மெதுவா போய், பதறாம முட்டினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கோடு போட்ட நோட்டுன்னு எத்தனை தடவை சொன்னீங்கண்ணா."

"நிறைய தடவை. மன்னிச்சுடும்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. அடுத்த யூனிஃபார்மை நான் கோடு போடாம வெட்டித் தர்றேன். கணக்குச் சரியாயிடும்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. ரொட்டிக்கடைக்காரர் வாயே திறக்கவில்லை. வாயை மூடத் தெரியாத மனிதர் மூடிக்கொண்டது ஓட்டுநருக்கு என்னவோ செய்தது.

டாக்டர் ஓட்டெடுப்பை நடத்தினார். ஓட்டுநரே தன் யோசனையை எதிர்த்து ஓட்டுப் போட்டார். உதவி வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளலாம். என்ன உதவி என்று பெயருக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். உதவி வைத்தவர்கள் தொடக்கத்தில் பின்வரிசையில் நிற்க வேண்டும் என்று முடிவானது. "பின்வரிசைதானே, நான் பழகின இடம்" என்றாள் தையல்காரப் பெண். இதுவரை நடந்ததற்கான விதி மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் பெறலாமா என்று டாக்டர் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்று ஓட்டுநர்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று கோப்பைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனார். முதல் ஈடு வெளியே வந்து, தட்டுகள் ஆவி பறக்க அடுக்கியிருந்தன. ரொட்டிக்கடைக்காரர் முழங்கைவரை மாவோடு மேசைக்குப் பின்னால் நின்றார். பையைப் பார்த்தார்.

"வச்சுட்டுப் போய்யா" என்றார்.

ஓட்டுநர் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். போகவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் கோப்பையைத் தூக்கினார். "இது எவ்வளவு வித்தியாசத்துல வாங்கினது, ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"ஒன்றரை நிமிஷம். எந்த உதவியும் ஒன்றரை நிமிஷம் தராதுய்யா. அப்ப எனக்கு ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்." அதை ஓட்டுநர் பக்கமாக நகர்த்தினார். மூன்றாவதை எடுத்தார். "இதுல கடைசிச் சுத்துல நான்தான் முன்னாடி இருந்தேன். நானாப் போய்ச் சுவத்துல ஏறினேன். உன் பிரேக்கா என்னைத் தள்ளிச்சு?" அதையும் நகர்த்தினார்.

நடுவில் இருந்ததைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அரை செகண்ட்" என்றார். "மூணாவது வளைவுல எனக்கு வண்டி ஆடுச்சு, உனக்கு ஆடலை. அதுல போச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? பிசையுறப்பல்லாம் இந்தக் கையைப் பார்ப்பேன். தடிச்ச கை, மாவுக்குத்தான் லாயக்குன்னு. டிப்போவுக்கு இருக்கிற கை நமக்கு இல்லைன்னு." அவர் சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை. "கோப்பை போனா போகுதுய்யா. அந்த ஒரு வருஷம்தான் வலிக்குது."

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடம் அவர் தூக்கித் திரிந்த பெருமையின் எடை முழுவதும் இன்னொருவர் கைமேல் இருந்திருக்கிறது.

"நான் அதை யோசிக்கவே இல்லைய்யா" என்றார். "உன் கை நல்ல கைதான். என்னோடதுதான் மாவுக்குக்கூட லாயக்கில்லை."

"மாவைக் குறைச்சுப் பேசாதே." ரொட்டிக்கடைக்காரர் நடுக் கோப்பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது என்னுது. மத்த ரெண்டையும் எடுத்துட்டுப் போ."

"விதி மூணையும் தரச் சொல்லுது."

"விதியை எழுதினது நீ. எழுதினப்ப உனக்கு நியாயமே தெரியாதே." சொல்லிவிட்டு, சூடாக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அந்தத் துணிப்பைக்குள் போட்டார். "வீட்டுல தங்கச்சிகிட்ட கொடு. பாவம், மூணு வருஷம் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

நியாயத்தைச் சரியாக அளந்து கொடுக்கும் மனிதர்கள் உலகில் உண்டு. அளந்து முடித்த பிறகு கூடுதலாக ஒரு ரொட்டியையும் போடுகிறவர்கள் குறைவு. அப்படி ஒருவரை எதிர்க்கடையில் வைத்ததற்காக, திரும்பி நடக்கும் வழியெல்லாம் ஓட்டுநர் கடவுளுக்கு நன்றி சொன்னார், இந்த முறை அவசரமில்லாமல்.

அடுத்த சனிக்கிழமை அவர் எந்த உதவியும் வைக்காமல் முன்வரிசையில் நின்றார். ஒரு வருடமாவது இப்படி ஓட்டி, தன் கை உண்மையில் எப்படிப்பட்ட கை என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கார் ஒன்றரைச் சுற்று சுற்றி, சாலை நடுவே, எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. மற்ற கார்கள் ஏழும் அவர் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தன. மூன்று வருடத்தில் அவர் எல்லாரையும் முன்பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வண்டிங்க வருது," என்று பின்வரிசையிலிருந்து தையல்காரப் பெண்ணின் குரல் கேட்டது. சொல்லிக்கொண்டே தன் கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனாள்.

அவர் காரை மெல்லப் பின்னால் எடுத்து, திருப்பி, அவர்களுக்குப் பின்னால் விட்டார். அதன் பிறகு இன்னும் நான்கு தடவை சுற்றினார். ஆனாலும் பந்தயம் முடியும்வரை விடவில்லை.

டாக்டர் முடிவுகளை வாசித்தார். முதலிடம் அடுப்பு, உதவி ஏதுமில்லை. இரண்டாமிடம் ஊசி, வழிகாட்டும் கோடு. கடைசியில் வந்தது இது:

"எட்டாவது, டிப்போ. உதவி ஏதுமில்லை."

"அதான் தெரியுதே" என்றார் அடுப்பு.